மலைக் கணக்கும் கொழும்புக் கணக்கும்

நுவரெலியா,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின கேக் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். முழுக் கேக்கைப் படம் பிடிக்காமல், வெட்டின துண்டைப் பக்கவாட்டில் பிடித்து அனுப்பினாயே, அதுதான் சரி. கேக்குக்கு என்ன வருத்தம் என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது, வெட்டின இடத்தில்தான் தெரியும். உன் துண்டு மேலே நன்றாகச் சிவந்து நடுவில் வெடித்திருக்கு. உள்ளே கண் இல்லை, இறுகிப் போயிருக்கு. அடியில் அரை விரல் தடிப்புக்குக் களி மாதிரி ஒரு மஞ்சள் கோடு. "அம்மாவின் கொப்பியில் உள்ளபடிதான் போட்டேன், கேக் சுடுகிற அவன் சரியில்லையோ?" என்று கேட்டிருந்தாய். அவனில் கொஞ்சம் பிழை இருக்கு. மிச்சப் பிழை கொப்பியில். அதில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் போடுகிற கேக்குக்கான கணக்கு. நீ இருப்பது கொழும்பில், கடலோர வெள்ளவத்தையில்.

கொழும்பில் வாங்கின சிப்ஸ் பக்கெட், பஸ் மலையேறி ரம்பொடையைத் தாண்டும்போது தலையணை மாதிரி உப்பி நிற்கும், பார்த்திருப்பாய். உள்ளே காற்று கூடவில்லை. வெளியே அமுக்குகிற காற்று குறைந்துவிட்டது. கேக் கலவைக்குள் பேக்கிங் பவுடர் விடுகிற வாயுவும் அப்படித்தான். இங்கே அது அளவுக்கு மீறி விரியும். மா வெந்து இறுகுவதற்கு முன்பே குமிழ் உடைந்து, கேக் நடுவில் குழி விழும். அதனால்தான் மலையில் பவுடரைக் குறைப்பது. தண்ணீர் இங்கே கிட்டத்தட்ட 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், கலவையின் ஈரம் கெதியாகப் பறந்துபோகும், அதனால் பால் கொஞ்சம் கூட. சீனி கூடினால் கேக் இறுகத் தாமதமாகும், அதனால் சீனி ஒரு பிடி குறைவு. இந்த மூன்றையும் அப்படியே கீழே கொண்டு போனால், தூக்கிவிடப் பவுடர் காணாது, பாலோ மிச்சம். கேக் கனக்காமல் என்ன செய்யும்?

இன்னொன்று, இறாத்தல். கொப்பியில் எல்லாம் "அரை இறாத்தல்" என்றுதான் இருக்கும். ஒரு இறாத்தல் 454 கிராம், அரை இறாத்தல் 227. நீ அதைக் கால் கிலோ என்று எடுத்திருந்தால், பட்டரும் மாவும் கூடி, முட்டை மட்டும் நாலிலேயே நின்றிருக்கும். சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள். கோப்பையில் அளந்தால், மாவை அமுக்கி அள்ளினால் ஒரு நிறை, சலித்து அள்ளினால் வேறு நிறை. எலெக்ட்ரிக் தராசை நம்பலாம், பற்றரி இறங்காத வரைக்கும்.

கொழும்புக்கான அளவு இது, கொப்பியில் பக்கத்திலேயே எழுதிக்கொள்: பட்டர் 225 கிராம், சீனி 225 கிராம், கோதுமை மா 225 கிராம், நடுத்தர முட்டை 4, தலைதட்டின தேக்கரண்டியில் பேக்கிங் பவுடர் 2, பால் 2 மேசைக்கரண்டி, வெனிலா 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. ஓட்டோடு 55 முதல் 60 கிராம் இருக்கிற முட்டையை எடு, நாலும் உடைத்தால் கிட்டத்தட்ட 200 கிராம் வரும். இங்கே என்றால் இதே மாவுக்குப் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டி, சீனி 200 கிராம், பால் 4 மேசைக்கரண்டி. மற்றது ஒன்றும் மாறாது. மாஜரின் போட்டால் அதிலேயே உப்பு இருக்கும், தனியாக உப்பு வேண்டாம். ஆனால் பட்டர் கேக்குக்கு மாஜரின் போடுவது எனக்குப் பிடிக்காது. விலைக்காகப் பாதிக்குப் பாதி கலந்தால் குற்றமில்லை.

இனி பட்டர். உன் மஞ்சள் கோட்டுக்கு முக்கியமான காரணம் அதில்தான் இருக்கு. கேக் மென்மையாக வருவதற்குப் பேக்கிங் பவுடர் மட்டும் காரணமில்லை. சீனிப் பருக்கை பட்டருக்குள் உரசி உரசிச் சின்னச் சின்னக் காற்றறைகளை உண்டாக்கணும். பவுடர் விடுகிற வாயு அந்த அறைகளுக்குள் புகுந்துதான் அவற்றைப் பெரிதாக்கும், புதிதாக ஒரு அறையும் கட்டாது. பட்டர் 18 முதல் 20 டிகிரியில் இருந்தால்தான் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். இங்கே காலையில் பட்டர் கல்லு, பாத்திரத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து இளக்கவேண்டியிருக்கு. உன் குசினியில் 30 டிகிரி. கொப்பியில் "பட்டரை வெளியே எடுத்து வைக்கவும்" என்று இருப்பதைப் பார்த்து நீ காலையிலேயே எடுத்து வைத்திருப்பாய், மத்தியானத்துக்குள் அது எண்ணெயாகியிருக்கும். எண்ணெயில் காற்று நிற்காது. அடிக்கும்போது மினுங்கிக்கொண்டு கிடக்கும், வெந்த பிறகு அடியில் போய்ப் படியும்.

அங்கே செய்யவேண்டியது: பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் பகடைக்காய் அளவுக்கு வெட்டி, அகலமான பாத்திரத்தில் பரப்பி, 10 நிமிடம் மட்டும் வை. விரலால் அமுக்கினால் குழி விழணும், விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். சீனி நம் கடைகளில் பருக்கையாகத்தான் கிடைக்கும். மிக்சியில் இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு அரைத்து மணலாக்கிக்கொள். ஐசிங் சீனி போடாதே, அது பட்டரைக் கீறாது, காற்றறை உண்டாகாது. கை மிஷினால் நடுத்தர வேகத்தில் 6 முதல் 8 நிமிடம் அடி. முதலில் மஞ்சளாக, சட்டியின் ஓரத்தில் திரண்டு திரண்டு ஒட்டும். பிறகு நிறம் வெளுத்து, பாலாடை மாதிரி வந்து, அடிக்கிற சத்தமே குறைந்துபோகும். இடையில் பட்டர் மினுங்கத் தொடங்கினால் பாத்திரத்தின் அடியைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு நிமிடம் வைத்து எடு.

முட்டையை ஒரு கோப்பையில் கலக்கி, ஒவ்வொரு மேசைக்கரண்டியாக ஊற்று. பிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை அப்படியே ஊற்றினால் கலவை தயிர் உடைந்த மாதிரித் திரியும். திரிந்தாலும் பயப்படாதே, அளந்து வைத்த மாவில் ஒரு மேசைக்கரண்டி போட்டு அடி, கூடும். கூடாமல் விட்டுவிட்டு மாவைக் கொட்டினால்தான் வினை. மாவையும் பவுடரையும் இரண்டு தடவை சலித்து, மூன்று பங்காகப் போட்டு, அகப்பையால் மடித்து மடித்துக் கல. மா போட்ட பிறகு மிஷின் வேண்டாம். அதிகம் கலந்தால் மா இழுபட்டு, உள்ளே மண்புழு போன மாதிரி நீட்டு நீட்டு ஓட்டைகள் வரும்.

20 சென்ரிமீற்றர் வட்டத் தட்டில் ஒயில் பேப்பர் விரித்து, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் ஊற்று. இப்போது அவன். மேசை மேல் வைக்கிற சின்ன அவனில் மேல் கம்பி கேக்குக்கு மிகக் கிட்ட இருக்கும். மேல் முதலில் இறுகிவிடும், உள்ளே இருக்கிறது வழி தேடி நடுவை வெடித்துக்கொண்டு வரும். உன் படத்தில் தெரிகிறது அதுதான். தட்டை ஆகக் கீழ்த்தட்டில் வை. 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கு. 170 டிகிரி. அந்தத் திருகியில் எழுதியிருக்கிற எண்ணை நம்பாதே, 20 டிகிரி கூடக் குறைய இருப்பது சாதாரணம். உள்ளே வைக்கிற அவன் வெப்பமானி ஒன்று தனியாக வாங்கி வை, அது இல்லாமல் நீ என்னிடம் கேட்கிற கேள்விக்கெல்லாம் நான் குருட்டுப் பதில்தான் சொல்லணும். 30 நிமிடம் வரை கதவைத் திறக்காதே. அதற்குப் பிறகு மேல் சிவந்துவிட்டால் அலுமினியத் தாள் ஒன்றை மேலே பட்டும் படாமல் மூடு. 45 நிமிடத்தில் ஈர்க்கில் ஒன்றை நடுவில் குத்திப் பார். ஈரக் கலவை ஒட்டினால் இன்னும் 5 நிமிடம். காய்ந்த துணுக்கு ஒன்றிரண்டு ஒட்டினால் எடுக்கலாம், ஈர்க்கில் துடைத்த மாதிரி வரும் வரை வைத்திருந்தால் ஓரம் காய்ந்துபோகும். எடுத்ததும் தட்டிலேயே 10 நிமிடம், பிறகு கம்பித் தட்டில் கவிழ். தட்டிலேயே ஆறவிட்டால் அடி வியர்த்து நனையும்.

பேக்கிங் பவுடர் பழசா என்று சந்தேகம் வந்தால், அரைத் தேக்கரண்டியைச் சுடுதண்ணீரில் போடு. உடனே நுரைக்கணும். கடற்கரைப் பக்கம் ஈரம் கூட, டின்னைத் திறந்து வைத்தால் மூன்று நாலு மாதத்தில் செத்துவிடும். அப்பச்சோடாவுக்குச் சுடுதண்ணீர் சோதனை சரிவராது, தேசிக்காய்ச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பார்.

மாலு பணிஸ், அதுதான் மீன் பணிஸ், எப்படி என்று கேட்டிருந்தாய். கேக்கை விட அது எனக்குச் சுகம். பிழை வந்தாலும் தின்னலாம். மா 500 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், சீனி 40 கிராம், உப்பு 8 கிராம், மாஜரின் 50 கிராம், முட்டை 1, பாலும் தண்ணீரும் கலந்து 240 மில்லிலீற்றர். உனக்கு ஈஸ்ட் 5 கிராம் போதும், பாலைக் குளிராகவே ஊற்று. இங்கே மழை நாளில் மா பொங்கி இரட்டிப்பாக ஒரு முழுத் தமிழ்ப் படம் ஓடி முடியணும். அங்கே இடைவேளைக்கு முன்பே பொங்கிவிடும், முக்கால் மணித்தியாலத்தில் ஒரு தடவை எழும்பிப் பார். நேரம் பார்த்துச் செய்கிறவர்களுக்குக் கொழும்பில் மா புளித்துப்போவதும், நுவரெலியாவில் பணிஸ் கல்லாவதும் அதனால்தான். விரலில் மா தொட்டுக் குழைத்த மாவில் குத்து. குழி மெதுவாகப் பாதி வரைக்கும் எழும்பி வந்தால் சரி. உடனே எழும்பினால் இன்னும் நேரம் வேணும். எழும்பாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டால் கடந்துபோச்சு, தட்டி அமுக்கி மறுபடி பொங்க விடு.

குழைக்கும்போது முதல் ஐந்து நிமிடம் கையெல்லாம் ஒட்டும், அதற்குப் பயந்து மா தூவாதே. பத்து நிமிடத்தில் தானாகவே கையை விடும். ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி இரண்டு கையாலும் விரித்துப் பார். கிழியாமல் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வந்தால் நிறுத்தலாம்.

உள்ளீட்டுக்கு டின் மீன் ஒன்று, தண்ணீர் முழுக்க வடித்து, முள்ளெடுத்து. அவித்த உருளைக்கிழங்கு 300 கிராம். நம் ஊர்க் கிழங்கு கிடைத்தால் விடாதே. வெங்காயம் 2, பச்சைமிளகாய் 4, கறிவேப்பிலை, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள், உப்பு. வெங்காயத்தை வதக்கி எல்லாவற்றையும் போட்டு, சட்டியில் ஒட்டாமல் உருண்டு வரும் வரை பிரட்டு. தேசிக்காய் அடுப்பை அணைத்த பிறகு. முழுக்க ஆறணும். சூடாக வைத்தால் அந்த ஆவியிலேயே உள் மா வேகாமல் பசையாகிவிடும். கடைப் பணிஸ் சிலதில் கடித்தால் உள்ளே வெள்ளையாக ஈர மா தெரியுமே, அந்தப் பிழை.

60 கிராம் உருண்டையாகப் பிரித்தால் 15 வரும். ஒவ்வொன்றையும் உன் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய வட்டமாகத் தட்டு, நடு தடிப்பாக, ஓரம் மெல்லிசாக. ஒரு மேசைக்கரண்டி நிறைய உள்ளீட்டை நடுவில் வை. மேலிருந்து வலப்பக்க ஓரத்தை மடி, இடப்பக்க ஓரத்தை அதன் மேல் மடி, மேல் முனை கூராக வரும். கீழே மிஞ்சுகிற வாயைத் தூக்கி ஒட்டினால் முக்கோணம். ஓரத்தில் எண்ணெய் பட்டிருந்தால் ஒட்டாது, அவனுக்குள் வாயைப் பிளக்கும். ஒட்டின பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் வைத்து, ஈரத்துணி மூடி, இன்னும் 30 நிமிடம். முட்டை பூசி 190 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். மிச்ச மா இருந்தால் நீட்டு முக்கோணமாகத் தட்டி, பாய் சுருட்டுவது மாதிரிச் சுருட்டி, மேலே சீனி தூவிச் சுட்டுவிடு, கிம்புலா பணிஸ்.

அதோடு குடிக்கிற சாயத்தண்ணிக்கும் இரண்டு கணக்கு. கொழும்பில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், சாயம் கெதியாக இறங்கும். 200 மில்லிலீற்றருக்கு ஒரு தேக்கரண்டி தேயிலை, 3 நிமிடம். இங்கே 5 நிமிடம். நான் அனுப்பினது நுவரெலியாத் தேயிலை, அதன் சாயம் இயல்பிலேயே வெளிறின பொன் நிறம்தான். சாயம் காணாது என்று தூளைக் கூட்டினால் கசக்கும். பால் ஊற்றினால் அதன் வாசம் செத்துவிடும். பால் தேத்தண்ணிக்கு அங்கேயே டஸ்ட் தேயிலை வாங்கிக்கொள், விலையும் குறைவு. டின்னை மசாலாத் தூள் பக்கத்தில் வைக்காதே, தேயிலை எல்லா வாசத்தையும் உறிஞ்சும்.

தேங்காய் டொபி. பள்ளிக்கூட வாசலில் எண்ணெய்த் தாளில் சுற்றி விற்கிற அதே ரோஸ் நிறம் வேணும் என்றால் ரோஸ் கலரிங் இரண்டு சொட்டுப் போதும். சீனி 500 கிராம், துருவின தேங்காய் 250 கிராம், பால் 150 மில்லிலீற்றர், பட்டர் ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய் 4. தேங்காயின் வெள்ளையை மட்டும் துருவு, கரிய தோல் விழுந்தால் நிறம் அழுக்காகும். புத்தகங்களில் பாகு பதத்துக்கு 114 டிகிரி என்று இருக்கும். அது கடல் மட்டத்துக்கு. உனக்கு அந்த எண் சரி. இங்கே யாராவது வெப்பமானி வைத்து 114 வரைக்கும் காய்ச்சினால் டொபி கல்லாகி, பல்லைக் கழற்றும். இங்கே 108இலேயே இறக்கணும், தண்ணீர் ஆறு டிகிரி முன்னதாகக் கொதிப்பதால் பாகும் ஆறு டிகிரி முன்னதாகவே பதத்துக்கு வரும். எண் எல்லாம் இல்லாமல் பார்க்க, குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டு. உருளணும், ஆனால் அமுக்கினால் தட்டையாகணும். இந்தச் சோதனை எந்த உயரத்திலும் பொய் சொல்லாது. சட்டி ஓரத்தைச் சுரண்டிக் கலவைக்குள் தள்ளாதே, ஓரத்தில் காய்ந்த ஒரு சீனிப் பருக்கை போதும், முழுதும் மணல் மணலாகிவிடும். மழை நாளில் கொழும்பில் செய்யாதே, சீனி காற்றிலிருந்து ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும்.

நத்தார் கேக்குக்குப் பழங்களை இந்தக் கிழமையே வெட்டி ஊறப்போடுகிறோம். பிளம்ஸ், சுல்தானா, பிறகு சீனிப்பாகில் காய்ச்சின இஞ்சித் தோசி, பூசணித் தோசி, சௌசௌத் தோசி. உன் சின்ன அவனில் அதற்கு முயலாதே. 150 டிகிரியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே சூடாக நிற்கணும், தட்டைச் சுற்றி நாலு மடிப்புக் கடதாசி வேணும். அது இங்கேயே நடக்கட்டும்.

உன் புத்தகப் பெட்டியைப் பற்றிக் கேட்டாய். டிரங்குப் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து, உள்சுவரை ஒட்டின தட்டுக்கு மாற்றியாச்சு. வெளிச்சுவர் மழையில் குளிரும், அதில் புத்தகம் பட்டால் அந்தப் பக்கம் ஈரம் பிடிக்கும். சுவருக்கும் தட்டுக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி. புத்தகங்களுக்கு இடையில் விரல் நுழைகிற அளவு தளர்வு, அப்போதுதான் காற்று போகும். பாதுகாப்பு என்று நினைத்துப் பொலித்தீனில் சுற்றி வைக்கிறார்கள், அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிற வேலை. காற்றில் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும். இங்கே பனி மூட்டத்தால், உனக்குக் கடல் காற்றால். காய்ந்த நாளில் ஜன்னலைத் திற, மழையில் மூடு. எல்லோரும் மாற்றித்தான் செய்கிறார்கள்.

உன் பழைய சிறுவர் சஞ்சிகைகளில் நாலைந்துக்குப் பங்கஸ் பிடித்திருக்கு. ஈரத் துணியால் துடைத்தால் அது தாளுக்குள் இறங்கிவிடும். முதலில் நிழலில், காற்றோட்டத்தில் முழுக்கக் காயவிட்டு, வெளியே கொண்டு போய், மூக்கை மூடிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிவிடணும். வெயிலில் விரித்துப் போட்டால் தாள் மஞ்சளித்து முறுகும். சஞ்சிகைகளின் நடுவில் இருக்கிற கம்பி துருப்பிடித்து, அதைச் சுற்றித் தாள் பழுப்பாகித் தின்றுகொண்டு போகிறது. கம்பியைப் பின்பக்கமாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே ஓட்டையில் பருத்தி நூல் கோத்துக் கட்டினால் போதும். ஒட்டுநாடா மட்டும் போடாதே. அஞ்சாறு வருடத்தில் அதன் பசை எண்ணெய்க் கறையாக ஊறிவிடும், நாடா உதிர்ந்துவிடும்.

வெள்ளி நிறத்தில் ஓடுகிற பூச்சி, இராமபாணம், புத்தகத்தின் பசையையும் மினுமினுப்புத் தாளையும் சுரண்டித் தின்னும். நப்தலீன் உருண்டை படுக்கிற அறைக்கு நல்லதில்லை. புத்தகத்தை இரண்டு பொலித்தீன் பைக்குள் காற்று எடுத்துக் கட்டி, பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் இல்லாமல், உறைநிலைக்கு 18 டிகிரி கீழே போகிற ஆழ் குளிரூட்டியில் இரண்டு கிழமை வை. வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதே, ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் படிந்து, பூச்சிக்குப் பதிலாகப் பூஞ்சணம் வரும். பொலித்தீன் இந்த ஒரு வேலைக்குத்தான். மழையில் புத்தகம் நனைந்தால், இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாளாக நுழைத்து, மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்று. பத்திரிகைத் தாள் மை விடும். மினுமினுப்புத் தாள் என்றால் நனைந்த உடனே பக்கம் பக்கமாகப் பிரித்துவிடு. ஒட்டிக் காய்ந்தால் பிறகு பிரிக்க வழியே இல்லை.

கடைசியாக, வீடியோக் கசட்டுகள். தேர்த் திருவிழா, அக்காவின் சடங்கு, பாலர் பாடசாலைக் கலைவிழா, பிறகு டீவியில் பதிந்த படங்கள். மொத்தம் பதினொன்று. எல்லாவற்றையும் முழுக்கச் சுற்றி, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைத்திருக்கு. கசட்டின் கண்ணாடி ஜன்னலால் வெளிச்சத்தில் பார்த்தால் மூன்றில் நாடா விளிம்பில் வெள்ளையாகத் தூள் தெரிகிறது, பூஞ்சணம். அந்த மூன்றையும் யாரும் டெக்கில் போடக் கூடாது. ஒரு தடவை போட்டால் டெக்கில் நாடாவைப் படிக்கிற தலையில் ஒட்டி, அடுத்துப் போடுகிற நல்ல கசட்டுக்கும் தொற்றும், நாடாவும் கிழியலாம். அவற்றைத் தனிப் பெட்டியில், சிலிக்கா பொட்டலம் போட்டு வைத்திருக்கு. சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்கணும்.

மற்ற எட்டையும் டிசம்பரில் இங்கே வரும்போது நீயே கம்பியூட்டருக்கு மாற்றலாம். யூஎஸ்பியில் செருகுகிற வீடியோப் பிடிப்பான் ஒன்று வேணும், டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்கள் அதில் போகும். நம் நாட்டுக் கசட்டுகள் 'பால்' (PAL) என்கிற வீடியோ முறை, அதனால் மென்பொருளில் 'பால்', 720க்கு 576, செக்கனுக்கு 25 படச்சட்டம் என்று வை. வேறு முறையில் விட்டால் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டு உருண்டோ வரும். பதிவு கசட் ஓடுகிற நேரத்துக்கு நேரம்தான். மூன்று மணித்தியாலக் கசட்டுக்கு மூன்று மணித்தியாலம், அதை விரட்ட முடியாது. செக்கனுக்கு 8 மெகாபிட் வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 3.6 ஜீபி வரும். எட்டுக் கசட்டுக்கும் 100 ஜீபி ஒதுக்கினால் போதும். இரண்டு பிரதி எடு, ஒன்று உன்னிடம், ஒன்று இங்கே. ஒவ்வொரு கசட்டையும் போடுவதற்கு முன் அறைச் சூட்டில் அரை நாள் வைத்து, ஒரு தடவை முழுக்க முன்னும் பின்னும் ஓடவிடு. வருடக்கணக்காக ஒரே இறுக்கத்தில் கிடந்த நாடா தளர்ந்து ஓட அது உதவும். படம் நடுங்கினால் டெக்கில் 'ட்ராக்கிங்' திருகியை மெதுவாகத் திருப்பிப் பார்.

கலைவிழாக் கசட் நல்ல நிலையில்தான் இருக்கு. அதிலிருந்து தொடங்கு. மூன்று மணித்தியாலம் ஓடும், ஒரு ஈடு பணிஸுக்கு மா குழைத்து, இங்கத்தைக் குளிரில் பொங்கவிட நேரம் சரியாக இருக்கும்.

டிசம்பரில் வரும்போது வீடியோப் பிடிப்பானையும், அவன் வெப்பமானியையும், சிவப்பு மூடி போட்ட தகர டின்னையும் கொண்டு வா. அந்த டின் உன்னிடம் வந்து ஒரு வருடமாகுது, நத்தார் கேக்கை வைக்க வேறு டின் இல்லை. இரவில் இங்கே குளிர் தொடங்கிவிட்டது, கம்பளிச் சட்டை இரண்டு எடுத்து வை.

அன்புடன்,
அப்பா